சிக்லிட் தொட்டிக்கு எந்தக் கெளுத்தி?

வண்ண மீன் வியாபாரம் இன்று தனிக் கடைகளோடு நின்றுவிடவில்லை. பேன்ஸி ஸ்டோர், கோழித் தீவனக் கடை, நாய்ப் பிஸ்கட் விற்கும் கடை என்று பல இடங்களில் ஒரு மூலையில் நாலு கண்ணாடித் தொட்டிகளை வைத்து விற்பனை நடக்கிறது. நெய்வேலி நகரியத்திலும், மந்தாரக்குப்பத்திலும், அருகிலுள்ள ஊர்களிலும் இதுதான் நிலைமை. வியாபாரம் பெருகுவதில் நம் அனைவருக்கும் மகிழ்ச்சியே. ஆனால் இந்தச் சரக்கில் ஒரு குறிப்பிட்ட விற்பனை முறை, வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும், நம்மைச் சுற்றியுள்ள ஏரிகளுக்கும் கேடாக முடிகிறது. அதைப் பற்றி வணிகப் பெருமக்களுக்கு என் கருத்தைச் சொல்லவே இக்கட்டுரை.

வாடிக்கையாளர் கடைக்கு வருகிறார். மஞ்சளும் நீலமுமாக ஓடுகிற ஆப்பிரிக்க சிக்லிட் மீன்களைப் பார்த்து மயங்கி ஆறோ எட்டோ வாங்குகிறார். பணம் கொடுக்கும் நேரத்தில், "அடியில் சேரும் அழுக்கைத் தின்கிற மீன் ஒன்று கொடுங்கள்" என்கிறார். கடைக்காரரும் யோசிக்காமல் 'டேங்க் கிளீனர்' என்று பெயர் சொல்லி ஒரு சக்கர் மீனைப் பையில் போட்டுக் கொடுத்துவிடுகிறார். அது கெளுத்தி வகையைச் சேர்ந்த மீன். கெளுத்தி என்றால் எல்லாம் ஒன்றுதானே என்ற நினைப்பு. இந்த நினைப்பு தவறு. இந்த விற்பனையை நாம் நிறுத்த வேண்டும். அதற்குப் பதிலாக விற்கத் தகுந்த கெளுத்தி வேறு இருக்கிறது. நான் சொல்ல வந்தது இதுதான்.

சிக்லிட் எப்படிப்பட்ட மீன்?

சிக்லிட் என்றதும் ஏதோ புதுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். நம் ஏரி குளங்களில் கிடைக்கும் ஜிலேபிக் கெண்டை இந்தக் குடும்பத்து மீன்தான். அதன் சொந்த ஊர் ஆப்பிரிக்கா. ஜிலேபிக் கெண்டையைத் தொட்டியில் விட்டுப் பார்த்தவர்களுக்கு அதன் குணம் தெரியும். இடம் பிடிக்கும், விரட்டும், கடிக்கும், முட்டைகளை வாயில் வைத்துப் பாதுகாக்கும். நாம் விற்கும் வண்ணச் சிக்லிட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கும் அதே குணம்.

இவை பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்காவின் மலாவி, டாங்கனிக்கா, விக்டோரியா என்ற மூன்று பெரிய ஏரிகளைச் சேர்ந்தவை. டாங்கனிக்கா ஏறக்குறைய 1,470 மீட்டர் ஆழம் உள்ளது. மலாவி ஏறக்குறைய 700 மீட்டர். எலக்ட்ரிக் யெல்லோ, ரெட் ஜீப்ரா, ஆரட்டஸ் முதலியவை மலாவிச் சரக்கு. ஃபிரண்டோசா, டிரோஃபியஸ் முதலியவை டாங்கனிக்காச் சரக்கு. இந்த இரண்டு ஏரிகளின் தண்ணீரும் காரத்தன்மை உடையது. பி.எச். அளவு மலாவியில் 7.7 முதல் 8.6 வரை, டாங்கனிக்காவில் 9-ஐ நெருங்கும். வெப்பம் 24 முதல் 28 டிகிரி. ஆகவே இவற்றோடு சேர்க்கும் கெளுத்திக்கு மூன்று தகுதிகள் வேண்டும். ஒன்று, காரத் தண்ணீரைத் தாங்க வேண்டும். இரண்டு, விரட்டுக்கும் கடிக்கும் ஈடுகொடுக்கும் உடற்கட்டு வேண்டும். மூன்று, வளர்ந்த பிறகும் அந்தத் தொட்டிக்குள் அடங்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது அந்தத் தொட்டிக்கு ஆகாத சரக்கு.

கெளுத்தி என்பது ஒரு மீன் அல்ல

உலகில் கெளுத்தி இனங்கள் 3,000-க்கும் மேல் உள்ளன. விரல் நீளத்தில் அடங்குவதும் உண்டு. ஆள் உயரத்தைத் தாண்டுவதும் உண்டு. அரிசி என்று கேட்டவருக்குப் பச்சரிசியா, புழுங்கலரிசியா, இட்லி அரிசியா என்று கேட்காமல் அளந்து போடுகிற மளிகைக்காரர் உண்டா? மீன் கடையில் மட்டும் அந்தக் கேள்வி ஏன் எழுவதில்லை?

நம் கடைகளில் அதிகம் ஓடும் கெளுத்திகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது சக்கர் என்கிற டேங்க் கிளீனர். இது தென் அமெரிக்க மீன். கடையில் இரண்டு அங்குலக் குட்டியாக இருக்கும். வளர்ந்தால் ஒன்றரை அடியைத் தொடும். வீடுகளில் உள்ள தொட்டிகளில் பெரும்பாலானவை இரண்டு அடி, மூன்று அடிதான். இரண்டடித் தொட்டியில் ஒன்றரை அடி மீன் திரும்பக்கூட முடியாது. அழுக்கைத் தின்னும் என்பதும் முழு உண்மை அல்ல. கண்ணாடியில் படியும் பாசியைச் சிறு வயதில் சுரண்டித் தின்னும். மற்ற மீன்களின் கழிவை அது தின்பதில்லை. தானே நிறையக் கழிவு போடும். தொட்டியைச் சுத்தம் செய்ய வாங்கிய மீனாலேயே தொட்டி அதிகமாக அழுக்காகிறது. பெரிதானபின் இரவில் மற்ற மீன்களின் உடல் மேல் ஒட்டி, மேலிருக்கும் வழுவழுப்பைச் சுரண்டுவதும் உண்டு.

இரண்டாவது, 'ஷார்க்' என்று பெயர் சொல்லி விற்கும் பங்காசியஸ். பெயர்தான் சுறா, இனம் கெளுத்தி. தென்கிழக்கு ஆசியாவின் மீகாங் போன்ற பெரிய ஆறுகளில் கூட்டமாக நீந்தும் மீன். நாலடி வரை வளரக்கூடியது. உணவுக்காகப் பண்ணைக் குளங்களில் வளர்க்கிற மீனை மூன்றடிக் கண்ணாடித் தொட்டிக்கு விற்கிறோம். பயந்த சுபாவம் வேறு; சிக்லிட் விரட்டினால் கண்ணாடியில் மோதி மூக்கை உடைத்துக்கொள்ளும்.

மூன்றாவது கோரிடோராஸ். அழகான, சாதுவான சின்ன மீன். தென் அமெரிக்காவின் மென்மையான தண்ணீருக்குப் பழகியது. சிக்லிட் தொட்டியில் விட்டால் துடுப்பு கிழிந்து ஒரு மூலையில் ஒதுங்கிவிடும். பெரிய சிக்லிட் அதை விழுங்கப் பார்த்தால், கோரிடோராஸின் முள் தொண்டையில் மாட்டி இரண்டும் சாவது உண்டு. அதை டெட்ரா, கப்பி போன்ற சாதுவான மீன்கள் உள்ள தொட்டிக்குக் கொடுங்கள். அங்கே நல்ல பெயர் கிடைக்கும்.

நான்காவது, ஏரியில் பிடித்து வரும் நாட்டுக் கெளுத்தி. காசில்லாமல் கிடைக்கிறதே என்று சிலர் விடுகிறார்கள். ஏரி மீனோடு ஒட்டுண்ணியும் வரும். இரவில் சின்ன மீன்களையும் பிடித்துத் தின்னும். அது ஏரியிலும் குழம்பிலும் இருக்க வேண்டிய மீன்.

தகுந்தது எது?

சிக்லிட் தொட்டிக்கு ஏற்ற கெளுத்தி, அதே ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சினோடான்டிஸ். வியாபாரத்தில் 'சினோ' என்று சுருக்கிச் சொல்வார்கள். கெட்டியான தலை ஓடு, முதுகிலும் இரு பக்கத்திலும் விறைத்துக்கொண்டு நிற்கும் முள், வேகம் எல்லாம் உண்டு. சிக்லிட் ஒருமுறை மோதிப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ஆனால் சினோவிலும் பல உண்டு. எது எதற்கு என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

பெட்ரிகோலா என்ற பெயரில் வருவது டாங்கனிக்கா ஏரியைச் சேர்ந்தது. பழுப்பு உடலில் கரும்புள்ளியும், துடுப்புகளில் வெள்ளை ஓரமும் இருக்கும். நாலு அங்குலத்தில் வளர்ச்சி நின்றுவிடும். இந்தப் பெயரில் வருகிற குட்டிகளில் பெரும்பாலானவை 2006-ல் தனி இனமாகப் பெயரிடப்பட்ட லூசிபின்னிஸ் என்று நிபுணர்கள் சொல்கிறார்கள். வீட்டுத் தொட்டிக்கு இரண்டும் ஒன்றுபோலவே பொருந்தும். மூன்றடித் தொட்டிக்கு இதைவிட நல்ல கெளுத்தி இல்லை. தனியாக விட்டால் ஒளிந்தே கிடக்கும். நாலைந்து சேர்த்து விட்டால் பகலிலும் வெளியே வரும். ஒன்றுக்குப் பதில் நாலு விற்பதில் கடைக்கும் லாபம், மீனுக்கும் நலம்.

மல்டிபங்டேட்டஸ் என்பதும் டாங்கனிக்கா மீன்தான். தொட்டியில் ஆறு அங்குலம் வரை வளரும். நாலடித் தொட்டிக்கு ஏற்றது. இதற்கு 'குயில் கெளுத்தி' என்று ஒரு பெயர் உண்டு. காரணம் கேட்டால் வியப்பாக இருக்கும். சிக்லிட் ஜோடி முட்டையிடும் நேரம் பார்த்து இந்தக் கெளுத்தி ஊடே புகுந்து தன் முட்டையை இடும். தாய்ச் சிக்லிட் தன் முட்டையோடு அதையும் வாயில் எடுத்துக்கொள்ளும். கெளுத்திக் குஞ்சு முதலில் பொரிந்து, தாயின் வாய்க்குள்ளேயே சிக்லிட் குஞ்சுகளைத் தின்று வளரும். குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடுவதுபோலத்தான். டெட்சு சாட்டோ என்ற ஜப்பானிய ஆய்வாளர் 1986-ல் இதை உலகுக்கு எடுத்துச் சொன்னார். வேடிக்கைக்காக மீன் வளர்ப்பவருக்கு இது அருமையான மீன். ஆனால் சிக்லிட் குஞ்சு எடுத்து விற்கிற வாடிக்கையாளர் கேட்டால், கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவர் பிழைப்பில் மண் விழும்.

ஃபெதர்ஃபின் என்று வரும் யூப்டெரஸ், நைல், நைஜர் முதலிய ஆறுகளின் மீன். முதுகுத் துடுப்பு பாய்மரம்போல் விரியும். காரத் தண்ணீருக்குப் பழகிக்கொள்ளும். எட்டு அங்குலத்தையும் தாண்டி வளரும் என்பதால் நாலடிக்குக் குறைந்த தொட்டிக்குக் கூடாது. பெரிய, முரட்டுச் சிக்லிட்டுகள் உள்ள தொட்டியில் ஒன்று மட்டும் விடலாம். இரண்டு விட்டால் தங்களுக்குள் சண்டை.

தலைகீழாக நீந்தும் நிக்ரிவென்ட்ரிஸும் சினோ வகைதான். ஆனால் அது காங்கோ ஆற்றுப் படுகையின் மென்மையான தண்ணீருக்குரிய சாதுவான சிறு மீன். பெயரைப் பார்த்து ஏமாந்து சிக்லிட்டோடு கொடுக்கக் கூடாது. பண்ணைகளில் இரண்டு இனங்களைக் கலந்து பெருக்கிய கலப்புக் குட்டிகளும் சினோ என்ற பெயரில் வருகின்றன. அவை எவ்வளவு வளரும் என்று சொல்ல முடியாது. கொள்முதலின்போதே இனப்பெயர் கேட்டு வாங்குவது நல்லது.

பாசி தின்கிற மீன்தான் வேண்டும் என்று வாடிக்கையாளர் பிடிவாதமாக நின்றால், பிரிசில்நோஸ் கொடுக்கலாம். மூக்கில் மீசைபோல் முளைத்திருக்கும். தென் அமெரிக்க மீன்தான். ஆனால் ஐந்தாறு அங்குலத்தில் நின்றுவிடும், மலாவித் தண்ணீரையும் தாங்கிக்கொள்ளும். பெரிய மீன்களாக வாங்கி, ஒளியக் குகையும் வைத்துக் கொடுத்தால் நிலைக்கும்.

விற்பதோடு சொல்லிக் கொடுக்க வேண்டியவை

சினோவின் முள் வலையில் மாட்டும். வலையைக் கிழிப்பதோடு மீனின் முள்ளும் முறியும். டப்பாவில் மொண்டு எடுப்பதே முறை. பையைக் குத்தி ஓட்டை போடும் என்பதால் இரட்டைப் பையில் கட்ட வேண்டும். சென்னை கொளத்தூரிலிருந்து பஸ் பார்சலில் சரக்கு எடுப்பவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

வந்த மீனுக்கு அங்குள்ள தண்ணீர் பழக்கம். நம் ஊர்த் தண்ணீர் வேறு. குழாய்த் தண்ணீரும் போர் தண்ணீரும் இடத்துக்கு இடம் மாறும். பி.எச். பார்க்கும் சொட்டு மருந்து ஒரு புட்டி கடையில் இருந்தால், வாடிக்கையாளர் கொண்டு வரும் தண்ணீரை நாமே பார்த்துச் சொல்லலாம். காரத்தன்மை குறைவாக இருந்தால் நன்றாகக் கழுவிய கிளிஞ்சலை ஃபில்டரில் போடச் சொல்லுங்கள். கடலூர் கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்குக் கிளிஞ்சலுக்குப் பஞ்சம் இல்லை. பவளப்பாறைத் துண்டு மட்டும் வேண்டாம். பவளப் பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2001 முதல் காக்கப்பட்டவை. அவற்றை விற்பது குற்றம்.

தரையில் கூர்மையான கல் கூடாது, மணல் வேண்டும். கெளுத்தியின் மீசைதான் அதற்குக் கண். ஒளிந்துகொள்ள உடைந்த மண்சட்டியோ, பி.வி.சி. குழாய்த் துண்டோ போதும். தீனியை விளக்கணைத்த பிறகு, மூழ்கும் வில்லையாகப் போட வேண்டும். பகலில் போட்டால் சிக்லிட்டே தின்றுவிடும். மலாவியின் பாறைச் சிக்லிட்டுகள் பாசி தின்கிறவை. இறைச்சி மிகுந்த தீனியைத் தொடர்ந்து தின்றால் வயிறு உப்பிச் சாகும். ஆகவே கெளுத்திக்குக் கொடுக்கும் வில்லையும் தாவரச் சத்து உள்ளதாக இருப்பது பாதுகாப்பு. செதிலில்லாத மீன் என்பதால் மாலகைட் கிரீன் போன்ற மருந்துகளை முழு அளவில் கொட்டக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று சொல்ல வேண்டும். எந்தக் கெளுத்தியும் துப்புரவுப் பணியாளர் அல்ல. வாரம் ஒருமுறை நாலில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுவதுதான் தொட்டிக்குத் துப்புரவு. இதைச் சொல்ல நாம் தயங்குகிறோம். சொன்னால் வாடிக்கையாளர் வாங்காமல் போய்விடுவாரோ என்ற பயம்.

"நான் விற்காவிட்டால் அடுத்த கடை விற்கும்"

இப்படிச் சொல்கிற நண்பர்கள் உண்டு. சக்கர் மலிவு, சினோ விலை அதிகம், இந்த ஊரில் யார் வாங்குவார் என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால் கணக்கை ஒரு நாளைக்குப் போடாமல் ஒரு வருடத்துக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். தவறான மீனால் தொட்டி கெட்டு, நாலு சிக்லிட் செத்தால், அந்தக் குடும்பம் தொட்டியைக் காலி செய்து பரண்மேல் ஏற்றிவிடுகிறது. அதன்பின் தீனி இல்லை, மருந்து இல்லை, ஃபில்டர் பஞ்சு இல்லை. மீன் வியாபாரத்தில் நிலையான லாபம் தீனியிலும் பஞ்சிலும்தான் இருக்கிறது. மலிவு மீன் ஒன்றை விற்று, மாதாமாதம் வருகிற வாடிக்கையாளரை இழப்பது எந்த ஊர் வியாபாரம்? சினோ பத்து ஆண்டுக்கு மேல் வாழக்கூடிய மீன். அதைக் கொடுத்த கடைக்கு அத்தனை காலமும் அந்த வீட்டார் வருவார்கள்.

ஏரிக்குப் போகும் மீன்

லாப நஷ்டத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. அது நம் ஊருக்கே உரியது.

நெய்வேலி நகரியத்தில் குடியிருப்போர் பெரும்பாலும் குவார்ட்டர்ஸ்வாசிகள். பணி ஓய்வு வரும், மாற்றல் வரும். வீட்டைக் காலி செய்ய வேண்டும். கட்டிலும் பீரோவும் லாரியில் ஏறும். ஒன்றரை அடிச் சக்கர் மீன் எங்கே ஏறும்? கொல்ல மனமில்லை. பக்கத்தில் உள்ள குட்டையிலோ வாய்க்காலிலோ விட்டுவிட்டு, புண்ணியம் செய்ததாக நினைத்துக்கொண்டு போகிறார்கள். நம் பகுதியின் தண்ணீர் ஓரிடத்தில் நிற்பதல்ல. சுரங்கங்களில் இருந்து இறைக்கும் தண்ணீர் வாய்க்கால்கள் வழியே பரவனாற்றுப் பக்கமும், வாலாஜா ஏரிக்கும், பெருமாள் ஏரிக்கும் போகிறது. அந்தத் தண்ணீரை நம்பி உழவர்கள் இருக்கிறார்கள். மீன் பிடித்துப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள்.

சக்கர் மீன் லேசில் சாகாது. காற்றையே விழுங்கி மூச்சு விடும். தண்ணீரை விட்டு எடுத்தாலும் பல மணி நேரம் உயிரோடு கிடக்கும். கரையில் வளை தோண்டி முட்டையிடுவதால் கரை பலவீனப்படும். உடல் முழுதும் கவசமும் முள்ளும் இருப்பதால் மீனவர் வலை கிழியும். சந்தையில் அதற்கு விலையும் இல்லை. தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களின் நீர்நிலைகளில் இது ஏற்கெனவே பரவியிருக்கிறது. கண்ணாடித் தொட்டி வியாபாரத்தின் வழியாகத்தான் அது நம் நாட்டு நீர்நிலைகளுக்கு வந்து சேர்ந்தது.

வெளிநாட்டு மீன் நம் தண்ணீரில் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய கணக்கே இருக்கிறது. மொசாம்பிக் ஜிலேபிக் கெண்டை 1952-ல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. நல்ல நோக்கத்தோடு, உணவுக்காகக் கொண்டு வந்தார்கள். இன்று அது இல்லாத ஏரி அரிது. நாட்டு மீன்களோடு தீனிக்கும் இடத்துக்கும் போட்டி போடுகிறது. ஆப்பிரிக்கத் தேளி இனக் கெளுத்தியை வளர்க்க 2000-ல் அரசு தடை விதித்ததும் இதே காரணத்தால்தான். ஒருமுறை இறங்கிய மீனைத் திரும்ப வாரி எடுக்க எந்த அரசாலும் முடியாது.

ஆகவே என் யோசனைகள் இவை. சிக்லிட் வாங்குகிறவரிடம் மூன்று கேள்வி கேட்டபிறகே கெளுத்தியைப் பையில் போடுங்கள்: தொட்டி எத்தனை அடி? உள்ளே என்ன மீன்? குஞ்சு எடுக்கிறீர்களா? இரண்டாவதாக, சக்கர், ஷார்க் இரண்டையும் வீட்டுத் தொட்டிக்கு விற்பதை நம் பகுதிக் கடைகள் ஒன்றுகூடி நிறுத்திவிடலாம். எல்லோரும் நிறுத்தினால் அடுத்த கடை என்ற பேச்சே இல்லை. மூன்றாவதாக, வீடு காலி செய்கிறவர்கள் தங்கள் மீனைக் கடையில் திருப்பிக் கொடுக்கலாம் என்று ஒரு அட்டை எழுதி மாட்டுங்கள். திரும்பி வந்த நல்ல மீனை வேறொருவருக்குக் கொடுக்கலாம்; அதற்கு ஆள் கிடைக்கும்வரை ஒரு தொட்டி ஒதுக்குவது பெரிய செலவல்ல. நான்காவது எங்களைப் போன்ற மொத்த வியாபாரிகளுக்கு. 'கெளுத்தி, கலப்பு' என்று பில் எழுதாமல், இனப்பெயரும் வளரும் அளவும் எழுதிக் கொடுக்க வேண்டும். மொத்தக் கடையில் பெயர் தெளிவாக இருந்தால்தான் சில்லறைக் கடையில் பேச்சு தெளிவாக இருக்கும்.

மளிகையில் கலப்படம் செய்தால் வாங்கியவர் திருப்பிக்கொண்டு வந்து கேட்பார். தவறாக விற்ற மீனுக்கு ஏரி வந்து நம்மிடம் கேட்காது. கேட்காத இடத்திலும் சரியான சரக்கைக் கொடுப்பவரே வணிகர். நம் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் வண்ண மீன் விற்கும் உறுப்பினர்கள் இதுபற்றிப் பேசி, ஒரு முடிவுக்கு வர வேண்டுமென்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.